மினா ஹார்க்கரின் தட்டச்சுப்பொறி

பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ நாவலைப் படித்தவர்களிடம் மினா ஹார்க்கரைப் பற்றிக் கேட்டால், அவள் அன்பானவள், பொறுமைசாலி, எல்லோரையும் தாய்போல் அரவணைப்பவள் என்ற பதிலே பெரும்பாலும் வருகிறது. அதைச் சொல்லி முடித்ததும் பேச்சு இரத்தம் குடித்து வாழும் டிராகுலாவின் கோட்டைக்கும் ஓநாய்களுக்கும் போய்விடுகிறது. நானும் பல ஆண்டுகள் அவளை அப்படித்தான் கடந்துபோனேன். அண்மையில் நாவலை மூன்றாம் முறையாக எடுத்து, அவளுடைய நாட்குறிப்புகளை மட்டும் நிறுத்தி நிறுத்திப் படித்தபோது, அந்தத் தாய்மையைப் பற்றி நாம் எவ்வளவு அவசரமாகத் தீர்ப்பு எழுதிவிட்டோம் என்று மனம் உறுத்தியது. மினா தாய்மையை ஒரு வேலையாக, தானே தெரிந்து எடுத்துக்கொண்ட பொறுப்பாகச் செய்கிறாள். சுற்றியிருக்கும் ஆண்களோ அதை அவளுடைய உடலின் இயல்பாகவும், அதனாலேயே அவளுடைய பலவீனமாகவும் எடுத்துக்கொள்கிறார்கள். அவளுக்கு நேரும் கொடுமை அந்த இடைவெளியில்தான் நுழைகிறது என்பது என் வாசிப்பு.

பலரும் மேற்கோள் காட்டும் காட்சி பதினேழாம் அத்தியாயத்தில், செப்டம்பர் 30ஆம் நாள் குறிப்பில் இருக்கிறது. ஆர்தர், தான் மணக்கவிருந்த, மினாவின் தோழியான லூசியை இழந்தவன். அவள் இரத்தக்காட்டேரியாகி எழுந்ததைக் கண்டு, அவள் நெஞ்சில் தன் கையாலேயே மரமுளையை இறக்கியவன். அவன், மினாவுடன் தனித்து விடப்பட்டதும் குழந்தைபோல் தேம்பி அழுகிறான். அந்தப் பெரிய மனிதனின் தலை தன்மீது சாய்ந்தபோது, என்றேனும் ஒருநாள் தன் மார்பில் கிடக்கப்போகும் குழந்தையின் தலையாகவே அதை உணர்ந்ததாகவும், தான் பெற்ற பிள்ளைக்குச் செய்வதுபோல் அவன் முடியைத் தடவிக்கொடுத்ததாகவும் அவள் எழுதுகிறாள். பெண்களுக்குள் தாயின் கூறு ஒன்று இருக்கிறது, அது அழைக்கப்படும்போது சின்ன விஷயங்களைத் தாண்டி எழுந்துவிடுகிறோம் என்று ஒரு வரியும் சேர்க்கிறாள்.

அந்தச் ‘சின்ன விஷயங்கள்’ எவை என்பதைத்தான் நாம் கவனிக்கத் தவறுகிறோம். மினா ஒரு பள்ளியில் உதவி ஆசிரியையாக இருந்து, பெண்பிள்ளைகளுக்கு நடையுடை பாவனைகளைக் கற்றுக்கொடுத்தவள். இதற்கு எட்டே நாள் முன்பு, செப்டம்பர் 22இல், லண்டனின் பிக்காடில்லித் தெருவில் கட்டிய கணவன் ஜோனதன் தன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்ததே அவளுக்குக் கூச்சமாக இருந்திருக்கிறது. ஆண்டுக்கணக்கில் ஒழுங்கு கற்பித்தால் அந்த இறுக்கம் கற்பிப்பவரையும் கொஞ்சம் கடிக்கத்தான் செய்யும் என்று அவளே ஒப்புக்கொள்கிறாள். அப்படிப்பட்டவள் அதிகம் பழக்கமில்லாத ஓர் ஆணின் தலையைத் தன்மேல் தாங்குகிறாள் என்றால், தாய் என்ற சொல் அவளுக்கு அடக்கத்தின் பெயராக இருந்திருக்க முடியாது. கற்ற எல்லையை மீறுவதற்குத் தனக்குத்தானே எழுதிக்கொண்ட அனுமதிச் சீட்டு அது.

அதைவிட என்னை அசைத்தது, அதற்கு முந்தைய நாள் நடந்த, பெரிதாக யாரும் பேசாத ஒரு நிகழ்ச்சி. மனநோய் விடுதி ஒன்றை நடத்தும் டாக்டர் சீவர்ட் தன் நாட்குறிப்பைக் கையால் எழுதுவதில்லை. ஃபோனோகிராஃபின் மெழுகு உருளைகளில் பேசிப் பதிவு செய்கிறார். லூசியை அவரும் நேசித்தவர், அவளால் மறுக்கப்பட்டவர். லூசி செத்துக்கொண்டிருந்த நாட்களின் குரல் முழுவதும் அந்த உருளைகளில் இருக்கிறது. மினா அவற்றை உட்கார்ந்து கேட்கிறாள், கேட்டதைத் தட்டச்சு செய்கிறாள், பிறகு அவரிடம் வந்து, இந்தக் குரலை இனி யாரும் கேட்கக் கூடாது, சொற்களை எல்லாம் தட்டச்சில் எடுத்துவிட்டேன், நான் கேட்டதுபோல் உங்கள் இதயம் துடிப்பதை வேறெவரும் கேட்க வேண்டியதில்லை என்கிறாள். ஒரு மனிதனின் நடுக்கத்தைத் தான் ஒருத்தி மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு, உலகத்துக்குத் தேவையான செய்தியை மட்டும் தாளில் இறக்கித் தருகிறாள். அவளுடைய தாய்மையை ஒரே இடத்தில் காட்டு என்றால், ஆர்தர் அழுத அறையைவிட இந்தத் தட்டச்சு மேசையைத்தான் காட்டுவேன். சுருக்கெழுத்தும் தட்டச்சும் தெரிந்த புதுக்காலப் பெண் ஒருத்தி, அன்பான தாய் ஒருத்தி என்று அவளை இரண்டாக வெட்டிப் பேசுவதற்கு இந்தக் காட்சி இடம் கொடுப்பதில்லை.

இத்தனைக்கும் தாய் என்றால் என்னவென்று அவள் வீட்டில் பார்த்துக் கற்கவில்லை. தாயையும் தந்தையையும் தான் அறிந்ததே இல்லை என்று ஹாக்கின்ஸ் என்ற முதியவர் இறந்தபோது எழுதுகிறாள். நாவலில் வேறு தாய்மார்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு அன்பும் இருக்கிறது, ஆனால் அந்த அன்பு எதையும் காப்பாற்றுவதில்லை. லூசியின் தாய், மகளுக்கு மூச்சு முட்டுமே என்ற கவலையில் காட்டேரியைத் தடுக்க அறையில் வைத்திருந்த பூண்டுப் பூக்களை அகற்றி ஜன்னலையும் திறந்துவிடுகிறாள். கோட்டை வாசலில் பிள்ளையைக் கேட்டுக் கதறும் பெயரில்லாத் தாயை ஓநாய்கள் கிழிக்கின்றன. முதலாமவளிடம் யாரும் உண்மையைச் சொல்லவில்லை. இதய நோயாளி, தாங்கமாட்டாள் என்று மருத்துவர்கள் மறைத்துவிட்டார்கள். மறைத்ததன் விலையை மகள் கொடுத்தாள்.

அந்தத் தவற்றையே அதே மருத்துவர்கள் மினாவிடம் மறுபடியும் செய்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை. சிதறிக் கிடந்த நாட்குறிப்புகள், கடிதங்கள், தந்திகள் அனைத்தையும் தேதிவாரியாக அடுக்கி, எதிரி யார், எங்கே இருக்கிறான் என்பதை அவர்கள் கண்டுகொள்ள வழிசெய்தவள் மினா. ஆர்தர் அவள்மேல் சாய்ந்து அழுத அதே செப்டம்பர் 30ஆம் நாளில், சீவர்டின் ஆசிரியரான மருத்துவர் வான் ஹெல்சிங் அவளுக்கு ஆணின் மூளையும் பெண்ணின் இதயமும் இருப்பதாகப் புகழ்ந்துவிட்டு, இன்றோடு அவள் இதில் தலையிட வேண்டாம் என்கிறார். அவர் சொல்லும் காரணங்களில் ஒன்று, அவள் இளம்பெண், மணமாகி அதிக நாள் ஆகவில்லை, பின்னால் நினைக்க வேண்டிய வேறு விஷயங்கள் வரலாம் என்பது. பிறக்காத ஒரு குழந்தையின் பெயரால் அவளை வெளியே வைக்கிறார்கள். அழுவதற்குத் தாய் வேண்டும், ஆலோசனைக்கு வேண்டாம். தங்களுக்கு அன்பானவர்கள் ஆபத்தில் இருக்கும்போது ஒரு பெண்ணால் தூங்க முடியும் என்பதுபோல் படுக்கச் சொல்லிவிட்டுப் போனார்களே என்று அவள் எழுதும் வரியில் கோபம் அடங்கித்தான் இருக்கிறது, இல்லாமல் இல்லை.

டிராகுலா ஒளிந்து தங்கும் மண்பெட்டிகளை அவர்கள் தேடிப் போன நாட்களில் அவன் இவளைத் தேடி வந்துவிடுகிறான். காலையில் அவள் வெளுத்துப்போயிருப்பதைக் கணவன் பார்க்கிறான். இந்தப் பயங்கரங்களைக் கேட்டதால் வந்த சோர்வு, விலக்கி வைத்ததே நல்லது என்று மேலும் உறுதிகொள்கிறான். உண்மையைக் கண்டுகொண்டவன் மனநோய் விடுதியில் அடைபட்டிருந்த ரென்ஃபீல்ட். முதல் நாள் பார்த்த அந்த அம்மையார் இல்லை இவர், தேநீர்க் கெண்டியில் மேலும் தண்ணீர் ஊற்றிவிட்ட பிறகு கிடைக்கும் தேநீர்போல் இருந்தார் என்கிறான். தன்னை ஒரு மனிதனாக நினைத்து மரியாதையோடு பேசிய ஒரே பெண்ணுக்காக அவன் டிராகுலாவோடு மல்லுக்கட்டி உயிரையும் விடுகிறான். இரண்டு மருத்துவர்கள் பார்க்காததை அவன் பார்த்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. அவள் கொடுத்ததை அவன் மட்டுமே கவனித்து வாங்கியிருக்கிறான்.

பிறகு வரும் அக்டோபர் 3ஆம் நாள் காட்சி படிக்கவே கூசுவது. டிராகுலா தன் மார்பைக் கீறி, மினாவின் முகத்தை அதில் அழுத்திப் பிடித்திருக்கிறான். ஒரு குழந்தை பூனைக்குட்டியின் மூக்கைப் பால்தட்டில் அமுக்கிக் குடிக்கவைப்பது போலிருந்தது என்கிறார் சீவர்ட். மார்பு, பால், குழந்தை ஆகிய மூன்றையும் ஒரே காட்சியில் கொண்டுவந்து ஸ்டோக்கர் தலைகீழாக்குகிறார். முலையூட்டலின் வடிவத்தை டிராகுலா திருடிக்கொள்கிறான், ஆனால் ஊட்டப்படுபவளுக்கு மறுக்க உரிமையில்லை. பாலூட்டும் தாயாகத் தன்னை ஆக்கிக்கொண்டவன் அவளைத் தன் சதையின் சதை என்றும், தன் திராட்சைச் சாறு பிழியும் ஆலை என்றும் உரிமை கொண்டாடுகிறான்.

லூசியைக் கெட்ட தாயாகவும் மினாவை நல்ல தாயாகவும் எதிரெதிரே நிறுத்துவது இந்நாவலைப் பற்றிய விமர்சனங்களில் பழகிப்போன வழி. கல்லறையில் லூசி தன் மார்போடு இறுக்கியிருந்த குழந்தையைத் தரையில் வீசி எறிகிறாள் என்பது உண்மைதான். ஆனால் அந்த வழியில் போனால் மினா வெறும் பரிசுபெற்ற பெண்ணாகிவிடுவாள். அவளும் அதே நஞ்சைக் குடித்தவள், நெற்றியில் தழும்பேறியவள், நாளை தானும் லூசியாகலாம் என்று அறிந்து பேசுபவள் என்பது மறந்துபோகும்.

அப்படி அறிந்துதான், அதே நாள், தன்னைக் கெடுத்தவனுக்காக அவள் இரக்கம் கேட்கிறாள். இத்தனை துன்பத்தையும் செய்த அந்த ஆன்மாவே எல்லோரிலும் துயரமானது, அழிப்பதை அழியுங்கள், ஆனால் வெறுப்போடு செய்யாதீர்கள் என்கிறாள். அவனை நரகத்துக்கே அனுப்புவேன் என்று கணவன் கொதிக்கும்போது, நானும் ஒருநாள் இந்த இரக்கத்தை வேண்டி நிற்கலாம், உங்களைப் போல் ஒருவர் அதை மறுக்கலாம் என்று பதில் சொல்கிறாள். கொல்ல வேண்டாம் என்று அவள் ஒருபோதும் சொல்லவில்லை. அக்டோபர் இறுதியில் டிராகுலா எந்த ஆற்றின் வழியே தப்புவான் என்பதைக் கணித்து, செரெத் ஆற்றிலிருந்து பிஸ்திரிட்சாவுக்குத் திரும்பும் பாதையை எழுதிக் கொடுத்தவளே அவள். இரக்கத்தையும் வேட்டையையும் ஒரே மனத்தில் வைத்திருக்கும் இந்தத் தெளிவைத் திரைப்படங்களில் நான் காணவில்லை. 1922இல் வந்த ‘நோஸ்ஃபெராட்டு’வில் அவளுக்கு ஈடான நாயகி தன்னைப் பலிகொடுத்துச் சாகிறாள். 1992இல் ஃபிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலா எடுத்த படத்தில் மினா டிராகுலாவின் இறந்த மனைவியின் மறுபிறவி. காதலியின் இரக்கத்தைப் புரிந்துகொள்வது எளிது. தன்னைச் சிதைத்தவனின் முகத்தில் கடைசி நொடியில் அமைதி தெரிந்ததற்காக உயிருள்ளவரை மகிழ்வேன் என்று, அவன்மேல் துளியும் ஆசையில்லாத ஒருத்தி எழுதுவதுதான் கடினம்.

ஸ்டோக்கருக்கு இது எங்கிருந்து கிடைத்தது என்று யோசிக்கும்போது அவருடைய தாய் ஷார்லட்டின் நினைவு வருகிறது. ஏழு வயதுவரை எழுந்து நிற்க முடியாமல் கிடந்த மகனுக்கு, தான் சிறுமியாக அயர்லாந்தின் ஸ்லைகோவில் கண்ட 1832ஆம் ஆண்டுக் காலராவின் கதைகளைச் சொன்னவர் அவர். பயங்கரத்தை மறைப்பதுதான் பாசம் என்று அந்தத் தாய் நினைக்கவில்லை.

நாவலின் கடைசிப் பக்கம் ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு எழுதப்பட்ட குறிப்பு. மினாவுக்கு மகன் பிறந்திருக்கிறான். வான் ஹெல்சிங் அவனை மடியில் வைத்துக்கொண்டு, இவனுடைய தாய் எவ்வளவு வீரமானவள் என்று ஒருநாள் அறிவான் என்கிறார். மினா உண்மையிலேயே தாயாகிவிட்ட இந்த இடத்தில், அவளைப் பற்றிப் பேசுபவர்கள் எல்லோரும் ஆண்கள். குறிப்பை எழுதுபவன் கணவன். அவள் பேசவில்லை. அதே குறிப்பில் ஜோனதன், பழைய தாள்களைப் பெட்டகத்திலிருந்து எடுத்துப் பார்த்தபோது அவற்றில் மூல ஆவணம் என்று சொல்லத்தக்கது அநேகமாக ஒன்றுமே இல்லை, பிந்தைய குறிப்பேடுகள் சில நீங்கலாக எல்லாம் வெறும் தட்டச்சுத் தாள்கள் என்று வருத்தப்படுகிறான். அந்தத் தாள்களை அடித்த விரல்கள் யாருடையவை என்பதை அவன் அங்கே எழுதவில்லை.