நெல்லே சாகலையாம், மீனா சாகப்போகுது!

முடிவு பண்ணிவிட்டேன். இனிமேல் வீட்டுக்கு வருகிற எவரையும் கொல்லைப்பக்கம் விடுவதாக இல்லை. காபியா, கூடத்தில். சாப்பாடா, கூடத்தில். ஊர்க்கதையா, வாசல் திண்ணையில் உட்கார்ந்து விடிய விடியப் பேசுங்கள். கொல்லைக் கதவுக்குத் திண்டுக்கல் பூட்டு ஒன்று வாங்கிப் போடப் போகிறேன்.

கொல்லையில் மீன் தொட்டி கட்டி, அதில் பாசி பிடித்து அவதிப்படுகிறவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். மற்றவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

குளிர்காலம் வந்தால் பாசி தானாக அடங்கிவிடும் என்று எந்த மகராசன் முதலில் சொன்னானோ தெரியாது, அவனை ஒரு மார்கழி மாதம் மதுரைக்குக் கூட்டிவந்து எங்கள் தொட்டி ஓரமாக உட்கார வைக்க வேண்டும். வெளிநாட்டு வீடியோவில் ஒருவரைப் பார்க்கிறேன். கையில் உறை, கழுத்தில் சால்வை, பின்னால் பனி மூடிய தோட்டம். குளத்தின் மேல் ஐஸ் படிந்தால் ஒரு ஓட்டை போட்டு வையுங்கள் என்கிறார். தண்ணீர் 10 டிகிரிக்குக் கீழே போனால் மீனுக்குத் தீனி போடாதீர்கள் என்கிறார். ஐயா, எங்கள் ஊரில் மார்கழி விடியற்காலையே 20 டிகிரி. அதற்கே எங்கள் தெருவில் மங்கி குல்லா போட்டுக்கொண்டு பால் வாங்கப் போகிறார்கள். மதியம் ஆனால் 30. இது பாசிக்குக் குளிர்காலமா, மாமியார் வீட்டு விருந்தா?

உண்மையில் இங்கே இந்தப் பருவத்தில்தான் ஆட்டம் கூடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மண், மக்கின இலை, செடிக்கு வைத்த எரு எல்லாம் கரைந்து தொட்டிக்குள் இறங்கிவிடும். அப்புறம் மழை நின்று வானம் வெளுக்கும். கோடையில் உச்சி வெயிலை மாமரம் தாங்கிக்கொள்ளும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடுவதால் வெயில் கிளைக்கு அடியில் புகுந்து நேராகத் தண்ணீரில் விழுகிறது. மேலே வெளிச்சம், கீழே உரம். பாசிக்கு வேறென்ன வேண்டும்? போதாததற்கு, வருகிற பிள்ளைகள் எல்லாம் கோயில் குளத்துக்கு வந்த மாதிரி பொரியை அள்ளி வீசுகிறார்கள். மீன் தின்றது போக மிச்சம் அடியில் அழுகி அதுவும் உரம்.

இதில் ரெண்டு ஜாதி. ஒன்று தண்ணீரையே பச்சையாக்கி, மீன் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் பண்ணுவது. அதற்குப் புற ஊதா விளக்கு மாட்டினேன், அடங்கியது, மறுக்கவில்லை. இன்னொன்று நூல் பாசி. சுவரையும் கல்லையும் பிடித்துக்கொண்டு நிற்கிற இதுக்கு அந்த விளக்கு ஒரு பொருட்டே இல்லை, ஏனென்றால் விளக்குக்குள் ஓடுகிற தண்ணீரில் இது வந்தால்தானே சாகும்! காலையில் அடியில் கிடக்கும். பதினோரு மணி வெயிலுக்கு உள்ளுக்குள் குமிழ் கட்டிக்கொண்டு பாய் பாயாக மேலே மிதந்து வரும். கையில் எடுத்தால் சீயக்காய் படாத எண்ணெய்த் தலைமுடி மாதிரி வழுக்கும். விளக்குமாற்றுக் குச்சியில் சுற்றிச் சுற்றி இழுத்தால் வரும். நாலு நாளில் மறுபடி வரும்.

இதற்கு ஆளாளுக்கு வைத்தியம். பக்கத்து வீட்டு அண்ணாச்சி மாடியில் துணி காயப்போட்டபடியே கத்துவார், "தண்ணிய மாத்துங்க தம்பி, எல்லாம் சரியாப்போகும்!" மொத்தத் தண்ணீரையும் மாற்றினால் அடுத்த வாரமே புதுப் பச்சை தொடங்கும். உரமெல்லாம் சேற்றிலேயே இருக்கிறது, புதுத் தண்ணீரோ வெயிலை அடிவரைக்கும் விடுகிறது. குழாய்த் தண்ணீரை அப்படியே பிடித்து விட்டால் அதில் இருக்கிற குளோரின் வடிகட்டியில் வளர்ந்திருக்கிற நல்ல கிருமிகளையும் சேர்த்துக் கொல்லும். இதை மாடிக்குக் கேட்கிற மாதிரி எப்படிக் கத்திச் சொல்வது? இன்னொருத்தர் படித்தவர். பார்லி வைக்கோல் போட்டால் புதுப் பாசி வராதாம், வெளிநாட்டில் அதுதான் போடுகிறார்களாம். இருக்கட்டும். பார்லி வைக்கோலுக்கு நான் எங்கே போவேன்? கீழமாசி வீதியில் பார்லி கிடைக்கும், கால் வீங்கினால் கஞ்சி வைத்துக் குடிக்க. வைக்கோல் வேண்டும் என்று கேட்டால் கடைக்காரர் என்னை எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாரோ!

1645-ல் திருமலை நாயக்கர் தெப்பக்குளம் வெட்டினபோது அவருக்கும் இப்படி எத்தனை பேர் கரையில் நின்று யோசனை சொன்னார்களோ என்று சில நேரம் நினைத்துக்கொள்வேன். நல்லவேளை, அவர் ராஜா.

இதெல்லாம் கூடப் பொறுத்தேன். விஷயம் இந்த ஞாயிற்றுக்கிழமை சோழவந்தான் மாமா.

மாமா என்றால் என் மனைவிக்குப் பெரியப்பா. எனக்கு மாமனார் முறை. ஆகவே நான் குரலை உயர்த்த முடியாது என்பதை இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். பொங்கல் படி கொடுக்க வந்தார். கரும்புக் கட்டு, மஞ்சள் கொத்து, பச்சரிசி, வெல்லம், வாழைத்தார், ஒரு கவுளி வெற்றிலை. எல்லாம் இறக்கி வைத்த பிறகு மஞ்சப்பையின் அடியிலிருந்து செய்தித்தாளில் மடித்த ஒரு பொட்டலத்தை எடுத்து, அதை மட்டும் யார் கையிலும் கொடுக்காமல் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். முந்தின வாரம் போனில் வீட்டம்மா, "பெரியப்பா, இவரு அந்தத் தொட்டிப் பாசியோடதான் எந்நேரமும் மல்லுக்கட்டு" என்று சொல்லியிருக்கிறாள். வீட்டு ரகசியம் ஊர் தாண்டிப் போவது இப்படித்தான்.

காபி குடித்தார். தம்ளரைக் கவிழ்த்தார். "வாங்க மாப்ள, கொல்லைப்பக்கம் போவம்."

போனோம். வேட்டியை மடித்துக் கட்டி, தொட்டி விளிம்பில் குத்தவைத்து உட்கார்ந்தார். கையை முழங்கை வரைக்கும் விட்டார். மீனெல்லாம் பயந்து மூலைக்கு ஓடின. ஒரு கொத்து நூல் பாசியை அள்ளினார். பார்த்தார். பிழிந்தார். மோந்து பார்த்தார். மாமரத்தில் கையைத் துடைத்தார். கொஞ்சம் யோசித்தார். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்:

"பாசி."

நான் தலையாட்டினேன். வேறென்ன செய்ய?

"வயல்ல இது பிடிச்சா நாங்க என்ன செய்வம் தெரியுமா மாப்ள? மயில்துத்தத்தச் சாக்குல கட்டி வாமடையில போட்டுருவம். தண்ணி அது மேல ஓடி வயலுக்குள்ள போகும். பாசி அம்புட்டும் கருகிரும். நடவு பாட்டுக்குப் பச்சுனு நிக்கும்." பொட்டலத்தைப் பிரித்தார். மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட் என்கிற தாமிர உப்பு, நல்ல நீலத்தில் கல்கல்லாகப் பளபளத்தது. கால் கிலோ இருக்கும்.

வயலுக்கு அந்த வைத்தியம் சரிதான். அதில் எனக்குச் சண்டையே இல்லை. ஆனால் நெல்லுக்குச் செவுள் கிடையாது. மீனுக்கு உண்டு. தாமிரம் முதலில் அடிப்பது அந்தச் செவுளைத்தான். நத்தை பிழைப்பது அதைவிடச் சிரமம். தொட்டி எட்டடிக்கு ஐந்தடி, ஆழம் ரெண்டடி, மிஞ்சிப்போனால் 2,200 லிட்டர். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்று வைத்தாலே மொத்தத்துக்கும் ரெண்டே கால் கிராம் வரவில்லை. அதையே தண்ணீரின் தன்மை பார்த்து, பயந்து பயந்துதான் போடுவார்கள். மாமா கையில் இருந்தது அதைப் போல நூறு மடங்கு. அப்படியே மீன் தப்பித்தாலும் அத்தனை பாசியும் ஒரே நேரத்தில் செத்து அழுகினால் தண்ணீரில் இருக்கிற ஆக்சிஜனை அது இழுத்துக்கொள்ளும். விடியற்காலையில் மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்து நிற்கும்.

இதை எல்லாம் மரியாதையாகச் சொன்னேன். ரொம்ப மரியாதையாக. "மாமா, மீன் கிடக்கு மாமா."

"கிடக்கட்டும் மாப்ள. மீனுக்கா வைக்கிறம்? பாசிக்குத்தான வைக்கிறம்."

"இது விஷம் மாமா, மீன் செத்துப்போகும்."

சிரித்தார். "நெல்லே சாகல, மீனா சாகப்போகுது?"

இந்த வாதத்துக்கு உலகத்தில் யாரிடமாவது பதில் இருந்தால் சொல்லுங்கள். செவுள் என்றேன், ஆக்சிஜன் என்றேன், மில்லிகிராம் என்றேன். மில்லிகிராம் என்றதும் அவர் முகத்தில் ஒரு பரிதாபம் வந்தது பாருங்கள், நம்ம பிள்ளையை இவனுக்கா கட்டிக்கொடுத்தோம் என்கிற பரிதாபம். "படிச்சவுகளே இப்பிடித்தான் மாப்ள, எல்லாத்தையும் அளந்துக்கிட்டே இருப்பீக" என்றார். அப்புறம் வீட்டைப் பார்த்து, "ஆத்தா, கட்றதுக்கு ஒரு பழைய துணி கொண்டா!"

வந்தது துணி. என் பனியன். பழசு இல்லை! தீபாவளிக்கு எடுத்தது. தொட்டியில் கிடக்கிற என் கெண்டையைக் கொல்ல என் பனியனிலேயே மருந்து கட்டுகிறார்கள், நான் பக்கத்தில் நின்று முடிச்சுப் போட விரல் கொடுக்கிறேன். ஆமாம், விரல் கொடுத்தேன். "இங்கன பிடிங்க மாப்ள" என்றால் பிடிக்காமல் என்ன செய்ய? பொங்கல் படி கொண்டுவந்திருக்கிற மனுஷன்.

கட்டி முடித்து, மூட்டையைத் தூக்கி, தண்ணீருக்கு ஒரு சாண் மேலே பிடித்துக்கொண்டு, எங்கே இறக்கலாம் என்று இடம் பார்த்தார். மோட்டார் தண்ணீர் கொட்டுகிற இடம்தான் வாமடை என்று அவருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. விவசாயி இல்லையா. அந்த ஒரு சாணில் என் மூளை ஓடின ஓட்டம் எனக்குத்தான் தெரியும்.

"மாமா, வெயிலா இருக்கே. மருந்து வெயில் தாழத்தான போடணும்?"

நிறுத்தினார். யோசித்தார். "அது வாஸ்தவம்."

"நீங்க குடுத்துட்டுப் போங்க, சாயங்காலம் நானே போட்டுர்றேன்."

கொடுத்துவிட்டார். நான் மூச்சே அப்போதுதான் விட்டேன். கொல்லையில் நடந்தது அவ்வளவுதான். ஆனால் கதை அங்கே நின்றால் நான் ஏன் ராத்திரி உட்கார்ந்து இதை எழுதுகிறேன்?

அன்று சாயங்காலமே போன். "போட்டாச்சா மாப்ள?" மறுநாள் காலையில் போன். "கருகிருச்சா மாப்ள?" வீட்டம்மா வேறு, "பாவம், பெரியப்பா ஆசையாக் கொண்டாந்தாரு, கொஞ்சமாவது போட்டா என்ன?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள். கடைசியில் பொறுக்க முடியாமல், "போட்டாச்சு மாமா, தண்ணி தெளிஞ்சுக்கிட்டு வருது" என்று சொல்லித் தொலைத்தேன். தெளிந்துகொண்டும்தான் வருகிறது. தினம் பாசியை இழுத்துப் போட்டு, தீனியைப் பாதியாக்கி, வாரத்துக்குக் கால் பங்குத் தண்ணீர் மட்டும் மாற்றிக்கொண்டிருப்பவன் நான். பெயர் யாருக்கு? மயில்துத்தத்துக்கு.

நேற்று ராத்திரி சகலை கூப்பிடுகிறார், தேனியிலிருந்து. "என்ன சகல, உங்க தொட்டியில பெரியப்பா மருந்து போட்டுக் கண்ணாடியா ஆயிருச்சாமே? எங்க பிள்ளைக மீன் தொட்டிக்கும் ஒரு பொட்டலம் குடுத்து விட்டிருக்காரு. எவ்வளவு போடணும்?"

பிள்ளைகள் மீன் தொட்டி. கண்ணாடித் தொட்டி. மொத்தமே ரெண்டு குடம் தண்ணீர் பிடிக்குமா?

போடாதீர்கள், போடாதீர்கள், பொட்டலத்தைப் பிரிக்கவே பிரிக்காதீர்கள் என்று நான் அலறின அலறலில் பக்கத்து அண்ணாச்சி மாடி விளக்கைப் போட்டுவிட்டார். "ஏன் சகல, உங்க தொட்டிக்குப் போட்டீகள்ல?" என்று அவர் கேட்கிறார். போட்டேன் என்றால் மீன் சாகும். போடவில்லை என்றால் அது சோழவந்தானுக்குப் போகும். என்ன சொன்னேன் என்றே ஞாபகமில்லை. போனை வைத்துவிட்டுச் சிரித்தேன். தனியாக உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு. வீட்டம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்விட்டாள்.

சரி, தெற்கு வெயிலை மறைக்க நிழல் வலை ஒன்று கட்டிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். வலை வாங்கி வந்து சுருட்டினபடியே கிடக்கிறது. கட்ட ஏணி வேண்டும். ஏணி எங்கே? தீபாவளிக்கு சீரியல் பல்பு மாட்ட என்று தெருமுனை வீட்டுக்காரர் வாங்கிக்கொண்டு போனார். "காலையில குடுத்துர்றேன் சார்." எந்தக் காலை என்று நானும் கேட்கவில்லை. கார்த்திகை விளக்குக்கும் அதே ஏணிதான் அவர் வீட்டு வாசலில் நின்றது, கண்ணால் பார்த்தேன். இப்போது பொங்கலுக்கு அதே ஏணியில் ஏறி நின்று வெள்ளையடித்துக்கொண்டிருக்கிறார். வண்டியில் தாண்டிப் போகிற என்னைப் பார்த்து மேலிருந்து கையாட்டிக் கேட்கிறார்:

"என்ன சார், வீட்டுக்கு இன்னும் வெள்ளையடிக்கலையா?"