எங்கங்க அடிபட்டுது?

பையனுக்கு 27 வயசு. கோயமுத்தூர்ல ஐ.டி. வேலை. போன மாசம் ஞாயித்துக்கிழமை ஊருக்கு வந்தவன், "நீங்க உக்காருங்கப்பா"ன்னு சோளத்தட்டு வெட்டுற மெஷின்ல நின்னான். ஈரத்தட்டு சிக்கிக்கிச்சு. சுவிட்ச அணைக்காம கையில தள்ளிட்டான். வலது கை நடுவிரல் தோல்ல தொங்குது.

துண்டைச் சுத்திக்கிட்டு காங்கேயம் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். முன்னால உக்காந்திருந்த பொண்ணு கேட்டுது, "எங்கங்க அடிபட்டுது?"

"கையிலம்மா, பாரு."

"அதில்லீங்க. ரோட்லயா, கம்பெனியிலயா?"

"காட்லம்மா."

நம்மூர்ல காடுன்னா நாம வெள்ளாமை பண்ற மண்ணு. அந்தப் புள்ள வெளியூர் போல, யானை கீனை மிதிச்சிருச்சான்னு முழிச்சுது. சிரிக்கிற நெலமையில நான் இல்ல.

அந்தக் கேள்வி எதுக்குன்னு அப்புறந்தான் புரிஞ்சுது. ரோட்டு விபத்துன்னா 2021 டிசம்பர்ல வந்த 'இன்னுயிர் காப்போம்' திட்டம் இருக்குது. பட்டியல்ல உள்ள தனியார் ஆஸ்பத்திரியிலயும் முதல் 48 மணி நேரம் காசில்லாம பாப்பாங்க. நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். பனியன் கம்பெனியில வெட்டியிருந்தா இ.எஸ்.ஐ. இருக்குது. சொந்தக் காட்டுல மாட்டுக்குத் தட்டு வெட்டுனவனுக்கு? அட்வான்ஸ் கட்டணும்.

பணம் கட்டறதுல எனக்கு வருத்தமில்லைங்க. பில்லு போடறதுக்குக் கேக்க வேண்டிய கேள்விய ரத்தம் சொட்டறப்ப ஏன் கேக்கறீங்க? துண்டை அவுத்துப் பாக்கவே 40 நிமிசம் ஆச்சு. அதுக்குள்ள ஒரு ஃபாரம் வந்துது. அவன் மேஜராம், அவன்தான் கையெழுத்துப் போடணுமாம். எந்தக் கையில போடுவான்? கடைசியில மைப்பொட்டி எடுத்துட்டு வந்து இடது கட்டை விரலை ஒத்தி எடுத்தாங்க. இஞ்சினியருக்குப் படிச்சவன் கைநாட்டு வெச்சான். "நீங்க வெளிய நில்லுங்கப்பா"ன்னு என்னைத் தள்ளுனவங்களே, பணங்கட்ட மட்டும் "பேஷண்டோட அப்பா யாருங்க"ன்னு தேடி வந்தாங்க.

டூட்டி டாக்டர் சின்னப் பையன், எம் பையனைவிட இளசு. தனியாளா நாலு படுக்கைய ஓடி ஓடிப் பாத்துட்டிருந்தான். அவன்மேல கோவமில்ல. டி.டி. ஊசி போட்டு, கட்டி, "கை சர்ஜன் இங்க இல்லீங்க, கோயமுத்தூர் போயிருங்க"ன்னான். அதை வாசல்லயே ஒரு ஆள் சொல்லியிருந்தா பல்லடம் தாண்டியிருப்போம்.

1989-லயே பரமானந்த் கட்டாரா வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு: அரசோ தனியாரோ, எந்த டாக்டரும் முதல்ல உயிரைப் பாக்கணும், போலீசு எழுத்து வேலையெல்லாம் அப்புறம். அந்த வழக்கும், அடிபட்டவனை 'இங்க பாக்க முடியாது, அங்க போ'ன்னு அனுப்பி, போற வழியிலயே அவன் செத்ததுலதான் ஆரம்பிச்சுது. எம் பையனுக்கு உயிர்ப்பிரச்சினை இல்லை, விரலுதான். வலது கை நடுவிரல். அவன் கீபோர்டுல சோறு திங்கறவன்.

கோயமுத்தூர்ல ஒட்டிட்டாங்க. முழுசா மடங்க மாட்டேங்குது, பிசியோ போயிட்டிருக்கான்.

நேத்து எதுத்த வூட்டு ஆத்தா பாக்க வந்துது. "எங்க சாமி அடிபட்டுது?"ன்னு கேட்டுது. பையன் என்னை ஒரு பார்வை பாத்துட்டு, கையை நீட்டுனான்.