லூமன் எண்ணைப் பார்த்து டார்ச் சேகரிக்காதீர்கள்

விலை உயர்ந்த டாக்டிகல் டார்ச் (காவல்துறை, ராணுவப் பயன்பாட்டுக்கு ஏற்றபடி செய்த டார்ச்) சேகரிப்பில் புதிதாக இறங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது பெட்டியில் அச்சிட்டிருக்கும் லூமன் எண்ணைத்தான். மூவாயிரம், ஐயாயிரம் என்று எண் ஏற ஏற விலையும் ஏறுகிறது, வாங்கும் ஆசையும் ஏறுகிறது. அந்த எண்ணுக்கு முதலிடம் கொடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. கேண்டெலா, சூடு தாங்கும் திறன், மின்தொடர்பு, செல் என்ற நான்கையும் பார்த்த பிறகு லூமனைப் பார்த்தால் போதும்.

லூமன் என்பது டார்ச்சிலிருந்து வெளியே வரும் மொத்த ஒளி. பக்கவாட்டில் சிதறுவதும் அதில் சேர்த்தி. கேண்டெலா என்பது ஒளி ஒரு திசையில் எவ்வளவு செறிந்திருக்கிறது என்பதன் அளவு. கேண்டெலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்குங்கள், பெட்டியில் போட்டிருக்கும் தூரம் மீட்டரில் வந்துவிடும். துப்பாக்கியில் பொருத்தும் மூன்று விளக்குகளைப் பாருங்கள். ஷ்யூர்ஃபயர் எக்ஸ்300 அல்ட்ரா 1,000 லூமன், 11,300 கேண்டெலா, தூரம் 213 மீட்டர். ஸ்ட்ரீம்லைட் டிஎல்ஆர்-1 ஹெச்எல் அதே 1,000 லூமன்தான், ஆனால் 20,000 கேண்டெலா, 283 மீட்டர். எக்ஸ்300 டர்போவோ வெறும் 650 லூமன், 66,000 கேண்டெலா, 514 மீட்டர். லூமன் குறைந்த விளக்குதான் எக்ஸ்300 அல்ட்ராவைவிட இரண்டு மடங்குக்கும் மேல் தூரம் பாய்கிறது. காரணம், எல்இடியின் ஒளிரும் பரப்பு சிறியதாகவும் லென்ஸ் அதற்கேற்ற ஆழத்தோடும் இருந்தால் கற்றை ஒடுங்கும். பெரிய எல்இடியைச் சின்னத் தலைக்குள் வைத்தால் சுவர் முழுக்க வெளிச்சம் பரவும், தூரத்தில் ஒன்றும் தெரியாது.

அந்தத் தூரக் கணக்கையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். அது 0.25 லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் ஒளியின் அளவு) விழும் இடம் வரைக்குமான தூரம், ஏறக்குறைய தெளிவான பௌர்ணமி நிலா வெளிச்சம். அதில் பாதித் தூரத்தில் 1 லக்ஸ், கால்வாசித் தூரத்தில் 4 லக்ஸ். எதிரே நிற்பது யார், கையில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் கால்வாசியை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். அதேசமயம் சின்ன அறைக்குள் 66,000 கேண்டெலாவை வெள்ளைச் சுவரில் அடித்தால் திரும்பி வரும் ஒளியில் நம் கண்தான் கூசும். எல்லா இடத்துக்கும் ஒரே விளக்கு போதாது. சேகரிப்புக்கு நியாயமான காரணம் அதுதான்.

அடுத்தது சூடு. டார்ச்சுகளுக்கான அமெரிக்கத் தரமான ஏஎன்எஸ்ஐ எஃப்எல்1 அளவீட்டில் லூமனை டார்ச் போட்ட 30 நொடிக்குப் பிறகு எடுப்பார்கள். எரியும் நேரத்தை, ஒளி ஆரம்பத்தில் இருந்ததில் 10 சதவீதமாகக் குறையும் வரை கணக்கிடுவார்கள். நடுவில் என்ன நடந்தது என்பதை அந்த இரண்டு எண்ணும் சொல்லாது. உள்ளங்கைக்குள் அடங்கும் உடலில் 3,000 லூமன் என்றால், சில நிமிடங்களிலேயே சூடு ஏறி, டிரைவர் (எல்இடிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சுற்று) தானாகவே வெளிச்சத்தைச் சரிபாதிக்கும் கீழே இறக்கிவிடும். அது டிரைவரின் குறையே அல்ல, அந்த அளவு உலோகத்தால் அவ்வளவுதான் முடியும். அதனால் வாங்கும் முன் நேரத்துக்கு நேர் வெளிச்சத்தைக் காட்டும் வரைபடத்தைத் தேடிப் பாருங்கள். அரை மணி நேரம் 800 லூமன் நிலையாகத் தரும் விளக்குக்கே என் ஓட்டு.

இனி மின்தொடர்பு. ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய விளக்கு மினுக்கினால் உடனே எல்இடி போச்சு என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் கோளாறு பின்மூடியில்தான். பின்மூடியைக் கழற்றிவிட்டு, ஒரு தடித்த செம்புக் கம்பியால் செல்லின் எதிர்முனையையும் (−) குழாயின் வெறும் உலோக விளிம்பையும் ஒரு நொடி இணைத்துப் பாருங்கள். விளக்கு நிலையாக எரிந்தால் தலை நன்றாக இருக்கிறது, குறை பின்மூடியில். உள்ளே எட்டிப் பார்த்தால் சுவிட்சைப் பிடித்திருக்கும் வளையத்தில் எதிரெதிரே இரண்டு சிறு குழிகள் தெரியும். அந்த வளையம் லேசாகத் தளர்ந்திருப்பதுதான் மினுக்கலுக்கு நான் சொல்லும் முதல் காரணம். கூர்முனை இடுக்கியை இரண்டு குழியிலும் வைத்து இறுக்கினால் பல நேரம் வேலை முடிந்துவிடும். முடியவில்லை என்றால் மரையையும் குழாயின் விளிம்பையும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடையுங்கள். பஞ்சு கறுப்பாக வருவது நிற்கும்வரை துடைக்க வேண்டும்.

துடைத்த மரையில் கடுகளவு சிலிக்கான் கிரீஸ் போதும். அதிகம் போட்டால் அது உலோகத் துகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு மரையையே அரைக்கும். மூடியில் நீர் புகாமல் தடுக்கும் வளையமான ஓ-ரிங் எந்த ரப்பர் என்று தெரிந்துகொள்ளுங்கள். நைட்ரைல் என்றால் சிலிக்கான் கிரீஸ் சரி. ஓ-ரிங்கே சிலிக்கான் ரப்பராக இருந்தால் சிலிக்கான் கிரீஸ் அதை உப்பவைக்கும். ஈபிடிஎம் ரப்பருக்குப் பெட்ரோலிய வகை எண்ணெயோ வாஸ்லினோ ஆகாது. டைட்டானியம் உடலில் கிரீஸ் இல்லாமல் ஒரு சுற்றுகூடச் சுற்றாதீர்கள். டைட்டானியம் மரை டைட்டானியம் மரையோடு உரசினால் பிடித்துக்கொள்ளும், பிறகு விடவே விடாது.

செல் விஷயத்தில்தான் உயிராபத்து இருக்கிறது. இரண்டு சிஆர்123ஏ செல்களை (ரீசார்ஜ் செய்ய முடியாத 3 வோல்ட் லித்தியம் செல்) வரிசையாகப் போடும் விளக்கில் ஒன்று புதிது, ஒன்று பழையது என்று கலக்கவே கூடாது. பழையது முதலில் தீர்ந்துபோகும், புதியது அதன் வழியே மின்சாரத்தைத் தள்ளும். தீர்ந்த செல் தலைகீழாக ஏற்றப்பட்டுச் சூடாகி, நச்சுப் புகை கக்கும், மூடிய குழாய்க்குள் வெடிக்கவும் செய்யும். ஒரே நிறுவனம், ஒரே தேதி, ஒரே பொட்டலம் என்று இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். மல்டிமீட்டரில் சும்மா அளந்தால் புதிய செல் 3.2 வோல்ட் பக்கம் காட்டும், 3.0க்குக் கீழே போய்விட்டால் பெரும்பகுதி தீர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். நடுவில் எவ்வளவு மிச்சம் என்பதைச் சுமை கொடுத்து அளக்கும் கருவிதான் சொல்லும்.

18650 போன்ற லித்தியம்-அயான் செல்லை முழுதாக 4.2 வோல்ட்டில் ஏற்றி அலமாரியில் வைத்துவிட்டால் அதன் கொள்ளளவு வேகமாகக் குறையும். எடுத்து வைப்பதற்கு 3.6 முதல் 3.8 வோல்ட் சரியான அளவு. செல்லின் மேலுறையையும் பாருங்கள். உறைக்குள் இருக்கும் உலோகம் முழுவதும் எதிர்முனை. நேர்முனையைச் சுற்றி உறை கிழிந்திருந்தால், அல்லது அங்கே இருக்கும் வெள்ளைக் காகித வளையம் காணாமல் போயிருந்தால், அந்தச் செல்லைப் போடக் கூடாது. புது பிவிசி உறை மாட்ட ஐந்து நிமிடம் ஆகாது.

பழைய குண்டு பல்பு விளக்கு சேர்ப்பவர்களுக்கு இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. ஷ்யூர்ஃபயர் 6பி-யின் பி60 பல்பு இரண்டு சிஆர்123ஏ-க்காகச் செய்தது, 65 லூமன் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அதில் சிக்கனம் என்று அதே அளவுள்ள இரண்டு ரீசார்ஜபிள் லித்தியம்-அயான் செல் (16340) போட்டால் 8.4 வோல்ட் பாயும், பல்பு ஒரு மின்னலோடு முடிந்துவிடும். 18650 உள்ளே நுழைய 6பி-யின் குழாயைக் கடைந்து அகலப்படுத்துபவர்கள் உண்டு. தினசரிப் பயன்பாட்டுக்கு என்றால் செய்யுங்கள். சேகரிப்பில் வைக்கும் பழைய உடலில் தயவுசெய்து கைவைக்க வேண்டாம், கடைந்த குழாய் திரும்ப வராது. எல்இடி மாட்யூல் போட்டால் கழற்றிய பல்பை உறையில் இட்டு, எந்த விளக்கினுடையது என்று எழுதி வையுங்கள்.

துப்பாக்கியில் பொருத்தும் விளக்கு தனி ரகம். ஒவ்வொரு முறை சுடும்போதும் வரும் உதைப்பில் செல் முன்னும் பின்னும் அடிவாங்கும், ஸ்பிரிங் வலுவில்லை என்றால் தொடர்பு விட்டுவிட்டு விளக்கு மினுக்கும் அல்லது அணையும். ஏர்சாஃப்ட் பொம்மைத் துப்பாக்கிக்காகச் செய்த நகல்கள் இங்கேதான் மாட்டிக்கொள்ளும். பழைய விளக்கு வாங்கும்போது விற்பவரிடம் நான்கு படம் கேளுங்கள்: வரிசை எண், எல்இடியின் நேர்முகம், குழாயின் உட்புறம், வெள்ளைச் சுவரில் விழும் கற்றை. எல்இடி நடுவிலிருந்து விலகியிருந்தாலோ மரை கூராகவும் கரடாகவும் இருந்தாலோ வேண்டாம். பெட்டியும் ரசீதும் அசலுக்குச் சாட்சி ஆகாது, பெட்டியையும் நகல் எடுக்கிறார்கள்.

துப்பாக்கியால் சுடும்போது விளக்கின் லென்ஸில் படியும் கரியைப் பற்றிச் சுடுவதற்கு முன்பே யோசிக்க வேண்டும். மெல்லிய பூச்சாகச் சிலிக்கான் கிரீஸ் தடவிவிட்டால் கரி அதன்மேல் ஒட்டும், பிறகு துணியால் துடைத்தால் வந்துவிடும். தடவாமல் விட்டு, விளக்கின் சூட்டில் அது கெட்டிப்பட்டால் கத்தியால் சுரண்டத் தோன்றும். சுரண்டினால் கண்ணாடியின் மேற்பூச்சு போகும். பிளாஸ்டிக் லென்ஸில் அசிட்டோன் பட்டால் விரிசல்தான்.

துப்பாக்கி விளக்கை டார்ச்சாகப் பயன்படுத்தக் கூடாது என்பதில் எனக்கு எந்தச் சமரசமும் இல்லை. ஒளி போகும் இடத்துக்கெல்லாம் குழல்வாயும் போகிறது. சத்தம் கேட்ட திசையில் நிற்பது வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம். விளக்கின் சுவிட்சை அழுத்தப் போய் ட்ரிகரை அழுத்திவிட்ட சம்பவங்கள் அமெரிக்கக் காவல்துறையிலேயே பதிவாகியிருக்கின்றன. தேடுவதற்குக் கையில் தனி டார்ச் வேண்டும், பணத்தை முதலில் அதில் போடுங்கள். விளக்கை மாட்டும்போதும் கழற்றும்போதும் செல் மாற்றும்போதும் மேகசினை எடுத்து, சேம்பர் (குழலில் குண்டு அமரும் அறை) காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகே கைவைக்க வேண்டும். விளக்கை மாற்றினால் துப்பாக்கியைச் செருகி வைக்கும் உறையையும் மாற்றியாக வேண்டும். இவ்வகை உறைகளில் பல, துப்பாக்கியை அல்ல, விளக்கின் உடலையே பிடித்திருக்கும். வேறு விளக்குக்கு அந்தப் பிடி சரியாக அமையாது.

கடைசியாக ட்ரிடியம் குழல் (கதிரியக்க வாயுவால் மின்சாரமின்றித் தானாக ஒளிரும் சிறு கண்ணாடிக் குழல்) பதித்த விளக்குகள். ட்ரிடியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டு. 2012-ல் பதித்த குழல் இன்று பாதி வெளிச்சம்கூடத் தராது. விற்பவர் பகல் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் இது தெரியாது. குழல் பதித்த ஆண்டைக் கேளுங்கள், இருட்டறையில் எடுத்த படம் ஒன்றும் கேளுங்கள். அது கிடைக்காவிட்டால், புதுக் குழல் வாங்கிப் பதிக்கும் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.