மாயா மக்கள் மாயமாகவில்லை

போன கிழமை என் மகள் பாடசாலையிலிருந்து ஒரு தாள் கொண்டுவந்தாள். லண்டனில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். இந்தத் தவணை முழுக்க அவர்களுக்கு மாயா நாகரிகம். தாளின் கடைசிக் கேள்வி: 'மாயா மக்கள் எப்படி மறைந்துபோனார்கள்?' பதில் எழுத நாலு வரி இடம் விட்டிருந்தது.

மறையவில்லை. 60 லட்சத்துக்கும் மேற்பட்ட மாயா மக்கள் இன்றைக்கும் குவாத்தமாலாவிலும் தெற்கு மெக்சிகோவிலும் பெலீஸிலும் வாழ்கிறார்கள். ஏறக்குறைய 30 மாயா மொழிகள் வீட்டிலும் சந்தையிலும் பேசப்படுகின்றன. 1992இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு வாங்கிய ரிகோபெர்த்தா மென்சூ ஒரு கிச்சே மாயா பெண். இதையே எழுது என்றேன். "மிஸ் எதிர்பார்க்கிற பதில் இது இல்லை அம்மா" என்றாள். அவள் சொன்னதும் சரிதான்.

இந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், பாதிக் குற்றம் பாடத்திட்டத்தில் இருக்கிறது. 2014இல் நடைமுறைக்கு வந்த இங்கிலாந்துப் பாடத்திட்டம், ஆரம்பப் பிள்ளைகள் ஐரோப்பாவுக்கு வெளியே ஒரு சமூகத்தைப் படிக்க வேண்டும் என்கிறது. பக்தாத், பெனின், மாயா, மூன்றில் ஒன்றை எடுக்கலாம். மாயாவுக்குப் போட்டிருக்கிற காலம் கி.பி. 900 அளவில். இங்கிலாந்து வரலாற்றில் வரும் ஆல்ஃபிரட் மன்னர் 899இல் இறந்தார், அதோடு ஒப்பிட வசதி என்று நினைத்திருப்பார்கள் போல. ஆனால் தெற்கு மாயா நகரங்களை மக்கள் விட்டுப் போனதும் அந்தக் காலத்தில்தான். திக்காலில் தேதி பொறித்த கடைசிக் கல் 869, தொனினாவில் 909. ஒரு நாகரிகத்தை அதன் நகரங்கள் காலியாகும் வேளையில் கொண்டுபோய்க் காட்டினால் பிள்ளை என்ன கேட்கும்? 'எங்கே போனார்கள்' என்றுதான் கேட்கும். அதே காலத்தில் வடக்கே யுகத்தானில் நகரங்கள் செழித்துக்கொண்டிருந்தன. கடைசி மாயா அரசு ஸ்பானியரிடம் விழுந்தது 1697இல். அந்தத் தாளில் இதெல்லாம் இல்லை.

சரி, இரண்டாவது ஆதங்கத்துக்கு வருகிறேன். ஒரு தலைப்பை எல்லாப் பாடங்களிலும் கலந்து படிப்பிப்பது நல்ல யோசனை. நான் அதற்கு எதிரி இல்லை. ஆனால் நடப்பது என்ன? ஓவிய நேரத்தில் முகமூடி, கைவேலைக்கு அட்டைப்பெட்டிப் பிரமிட், ஒரு வெள்ளிக்கிழமை சாக்லெட் ருசி பார்த்தல், அப்புறம் வேடமணிந்து வரும் நாள். அதற்கு முதல் நாள் இரவு ஒன்பது மணிக்கு இறகு தேடி அலைந்தது நான். மாயா பெயரைப் பாடத்துக்கு மேலே ஒட்டிவிட்டால் மாயா பாடமாகிவிடாது. அவர்கள் தாங்களே கணக்குப் போட்டவர்கள், எழுதியவர்கள், சமையலில் ரசாயனம் செய்தவர்கள். அந்த வாசல்களால் உள்ளே போகலாமே.

கணக்கை எடுங்கள். புள்ளி ஒன்று, கோடு ஐந்து, சிப்பி பூச்சியம். மகளின் வகுப்பில் ஒன்றிலிருந்து பத்தொன்பது வரை வரைந்து நிறம் தீட்டியதோடு முடிந்தது. உண்மையான விஷயம் இருபதில்தான் தொடங்குகிறது. இருபது வந்ததும் கீழ்த்தட்டில் சிப்பி, மேல்தட்டில் ஒரு புள்ளி. நாங்கள் பத்துக்கு இடம் மாறுகிறோம், அவர்கள் இருபதுக்கு. கை விரலோடு கால் விரலையும் எண்ணிப் பாருங்கள். கிச்சே மொழியில் 'வினக்' என்றால் மனிதன், இருபதைக் குறிப்பதும் அதே சொல்.

வீட்டில் கடலையும் விளக்குமாற்று ஈர்க்கும் எடுத்தோம். பூச்சியத்துக்கு மக்கரோனி. எட்டும் பதினாலும் கூட்டச் சொன்னேன். ஈர்க்கு மூன்று, கடலை ஏழு. ஐந்து கடலையை எடுத்துவிட்டு ஒரு ஈர்க்கு வைத்தாள். நாலு ஈர்க்கு சேர்ந்ததும் அவற்றை எடுத்துவிட்டு மேல்தட்டில் ஒரு கடலை. கீழே மிச்சம் இரண்டு. "இருபத்திரண்டு!" பத்தடிமானத்தில் 'ஒன்று கொண்டுபோவது' ஏன் என்று மூன்று வருடமாக விளங்காமல் செய்துகொண்டிருந்த பிள்ளைக்கு அது அன்றைக்குத்தான் விளங்கியது. கடலை கொஞ்சம் குறைந்துபோனது வேறு கதை.

எழுத்தில் எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு சலுகை இருக்கிறது. மாயா எழுத்தில் சொல்லை அப்படியே குறிக்கும் உருவங்களும் உண்டு, க, கி, கு போல அசையைக் குறிக்கும் உருவங்களும் உண்டு. ஆங்கிலம் மட்டும் தெரிந்த பிள்ளைக்கு இதை விளக்க அரை மணி நேரம் வேண்டும். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியில் உயிர்மெய் எழுதிக் கை நோகிற என் மகளுக்கு ஒரு நிமிடம் போதுமாக இருந்தது. குவாத்தமாலாவின் ரியோ அசூலில் 1984இல் மூடி திருகிப் பூட்டும் ஒரு பானை கிடைத்தது. அதன்மேல் க-க-வ என்று எழுதியிருந்தது: ககவ், கொக்கோ. ஆய்வுகூடத்தில் பார்த்தபோது உள்ளே கொக்கோவின் எச்சம் இருந்தது. கடைசி 'வ'வுக்குப் புள்ளி கிடையாது, வாசிக்கிறவர் விளங்கிக்கொள்ள வேண்டும். எங்கள் ஓலைச்சுவடிகளிலும் புள்ளி வைப்பதில்லை என்று சொன்னேன், ஏதோ ரகசியம் தெரிந்ததுபோலச் சிரித்தாள்.

1562இல் மானி என்ற ஊரில் மாயா நூல்களைக் குவித்து எரித்தவர் தியேகோ தெ லாந்தா என்ற பாதிரியார். அதே ஆள் பிறகு மாயா எழுத்தறிந்த ஒருவரை உட்கார வைத்து அகரவரிசை எழுதச் சொன்னார். ஆங்கிலத்தில் 'பீ' (B) என்கிற எழுத்தை ஸ்பானியர் 'பே' என்பார்கள். மாயா மொழியில் 'பே' என்றால் பாதை. லாந்தா 'பே' எழுதச் சொன்னதும் அந்த மாயாக்காரர் பாதையைக் குறிக்கும் கால்தடத்தை வரைந்து கொடுத்தார்! ஒரு வாக்கியம் எழுது என்றபோது அவர் எழுதியது: 'மா இன் காதி'. எனக்கு விருப்பமில்லை என்று அர்த்தம். இந்தத் தப்பான அகரவரிசையை அசை வரிசையாகப் படித்துத்தான் 1952இல் யூரி க்னோரோசோவ் என்ற சோவியத் ஆய்வாளர் மாயா எழுத்தின் வாசிப்புக்கு வழி திறந்தார். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல கதை எது? எங்கள் வீட்டில் இப்போது கத்தரிக்காய் வைத்தால் 'மா இன் காதி'தான் பதில்.

விஞ்ஞானத்துக்குச் சோளம் போதும் (தமிழ்நாட்டு நண்பர்களுக்கு மக்காச்சோளம்). மாயா மக்கள் அதைச் சுண்ணாம்பு நீரில் அவித்து ஊறவைப்பார்கள். தோல் கழன்றுவிடும், மா பிசையும் பதம் வரும், முக்கியமாக அதில் அடைபட்டிருக்கும் நியாசின் என்ற விட்டமின் உடம்புக்குக் கிடைக்கும். ஐரோப்பா சோளத்தை மட்டும் வாங்கிக்கொண்டு சுண்ணாம்பை விட்டுவிட்டது. வட இத்தாலியில் சோளக்களியையே நம்பியிருந்த ஏழைகளுக்கு, நியாசின் குறைவால் வரும் பெலாக்ரா என்ற நோய் வந்தது. வகுப்பில் சுண்ணாம்பை ஆசிரியர் மட்டும் தொட்டால் போதும், சுண்ணாம்பு நீரில் ஊறியது ஒன்று, வெறும் நீரில் ஊறியது ஒன்று என்று இரண்டு கிண்ணத்தையும் பிள்ளைகள் ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

இரத்தத்தை மறைக்கச் சொல்லவில்லை. பிரிட்டிஷ் மியூசியத்தில் யாஷ்சிலான் என்ற மாயா நகரத்திலிருந்து வந்த, வாசல் நிலையின் மேற்கல் ஒன்று இருக்கிறது, அனுமதி இலவசம். கபல் ஷோக் அரசி முள்ளுக்கயிற்றைத் தன் நாக்கில் கோத்து இழுக்கிறாள், பக்கத்தில் தீப்பந்தத்தோடு மன்னன். 709ஆம் ஆண்டுத் தேதி பொறித்திருக்கிறது. பெயரும் தேதியும் உள்ள ஒரு மனுஷியின் சடங்காகக் காட்டினால், 'பலி கொடுத்த காட்டுமிராண்டிகள்' என்ற பேச்சு தானாகக் குறைகிறது.

இதைப் படித்துவிட்டு 'மாயன் என்பது எங்கள் மயன்தான், அவர்கள் தமிழர்தான்' என்று பின்னூட்டம் போட வருகிறவர்களுக்கு: தயவுசெய்து வேண்டாம். ஒலி ஒத்துப்போவது உறவு ஆகாது. அவர்கள் செய்ததை அவர்களிடமே விட்டுவிடுவோம்.

மிஸ்ஸுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டேன், குறையாக அல்ல, உதவிக்கு வரட்டுமா என்று. ஆசிரியர்களுக்கு இருக்கிற நேரத்தில் மாயா பற்றி ஒரு புத்தகம் படிக்கவே முடியாது என்பது எனக்கும் தெரியும். வியாழக்கிழமை மத்தியானம் ஒரு மணி நேரம் தந்திருக்கிறார். முப்பது பிள்ளைகள், ஆளுக்குப் பத்து ஈர்க்கு. தமிழ்க்கடையில் நாளைக்கு இரண்டு விளக்குமாறு வாங்க வேண்டும்.