ரெஷெத்னிகோவின் நாயை விரலால் மறைத்துப் பாருங்கள்

சோவியத் ஓவியம் என்றாலே டிராக்டர், செங்கொடி, ஸ்டாலின் என்று பேச்சை முடித்துவிடுகிறோம். ஃபியோதர் ரெஷெத்னிகோவ் (1906-1988) ஸ்டாலினையும் வரைந்தவர்தான், அதற்குப் பரிசும் வாங்கியவர்தான். ஆனால் 1952இல் அவர் வரைந்த ‘மறுபடியும் ரெண்டு’ என்ற படத்தை அந்தக் கணக்கில் சேர்த்து ஒதுக்குவது அநியாயம். மாஸ்கோவின் திரெத்யாகோவ் காட்சியகத்தில் இருக்கிறது.

பையன் ஐந்துக்கு இரண்டு வாங்கி வீட்டுக்கு வந்து நிற்கிறான். அங்கே இரண்டு என்றால் ஃபெயில். கயிறு சுற்றிய பழைய பையிலிருந்து பனிச்சறுக்குக் காலணியின் முனை எட்டிப் பார்க்கிறது. பள்ளி விட்டதும் எங்கே போனான் என்பதற்கு அதுவே சாட்சி. அம்மா கையை மடியில் போட்டு ஓய்ந்து உட்கார்ந்திருக்கிறார். ‘முன்னோடிகள்’ என்ற சோவியத் சிறுவர் அமைப்பின் சிவப்புக் கழுத்துத்துணி கட்டிய அக்கா முறைக்கிறாள். சைக்கிளில் இருக்கும் தம்பிக்கோ ஒரே கொண்டாட்டம். நாய் மட்டும் மார்க்கைப் பற்றிக் கவலைப்படாமல் அவன் மேல் தாவுகிறது.

இப்போது அந்த நாயை விரலால் மறைத்துவிட்டுப் பாருங்கள். மிச்சம் இருப்பது ஒரு விசாரணை! நாய் இருப்பதால்தான் அவன் குற்றவாளி ஆகாமல் பிள்ளையாகவே நிற்கிறான். ஓவியத் துணியின் அளவு 101 × 93 செ.மீ., கிட்டத்தட்டச் சதுரம். பக்கவாட்டில் நீண்டிருந்தால் ஆட்கள் வரிசையாகச் சிதறியிருப்பார்கள். இங்கே எல்லோரும் நெருங்கி நிற்க, அவனுக்கு ஒதுங்க இடமே இல்லை.

இந்தச் சிக்கனம் அவருக்குக் கேலிச்சித்திரத்திலிருந்து வந்தது என்பேன். 1934 பிப்ரவரியில் செல்யுஸ்கின் என்ற சோவியத் கப்பல் ஆர்க்டிக்கின் சுக்சி கடலில் மூழ்கியபோது பனிப்பாளத்தில் ஏறித் தப்பிய 104 பேரில் அவரும் ஒருவர். விமானங்கள் வந்து கடைசி ஆளை மீட்க ஏப்ரல் 13 ஆனது. அதுவரை முகாமில் நடத்திய ‘சரணடைய மாட்டோம்’ என்ற சுவர்ப் பத்திரிகைக்குக் கேலிப்படம் போட்டவர் இவர். கேலிச்சித்திரக்காரர் ஒருவரின் குணத்தை முதுகின் வளைவிலேயே சொல்லிவிட வேண்டும், விளக்க இடம் கிடையாது. அந்த அம்மாவின் தோளைப் பாருங்கள், புரியும்.

இதே கை 1950இல் ‘சமாதானத்துக்காக!’ வரைந்தபோது சறுக்கியது. பிரெஞ்சுச் சிறுவர்கள் சுவரில் ‘சமாதானம்’ என்று எழுதுகிறார்கள். எல்லா முகமும் ஒரே செய்தியைச் சொல்கிறது. முகங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாதபோதுதான் ரெஷெத்னிகோவ் உயிர்ப்பாக வரைகிறார்.

இன்னொன்று. ‘மறுபடியும் ரெண்டு’ படத்தில் அப்பா இல்லை, எனவே போரில் இறந்துவிட்டார் என்று பலர் உருகுகிறார்கள். தம்பியைக் கவனித்தீர்களா? ஐந்து வயது மதிக்கலாம். போர் முடிந்தது 1945இல், படம் 1952இல். அப்பா வேலைக்குப் போயிருக்கக்கூடாதா? அந்த வாசிப்பு 1948இல் வரைந்த ‘விடுமுறைக்கு வந்தாச்சு’ படத்துக்குத்தான் பொருந்தும். அதில் சுவோரவ் ராணுவப் பள்ளி மாணவன் சல்யூட் அடிக்கிறான், எதிரே விறைத்து நிற்பவர் தாத்தா. அந்தப் பள்ளிகள் 1943இல் தொடங்கப்பட்டதே போரில் தந்தையை இழந்த சிறுவர்களை மனதில் வைத்துத்தான்.

அந்தப் படத்தின் அச்சுப் பிரதியைத்தான் ரெண்டு வாங்கியவன் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார் ரெஷெத்னிகோவ். அடுத்த முறை அதையும் தேடிப் பாருங்கள்.