பயிற்சியாளரின் வேதமும் மாணவனின் உதவித்தொகையும்

ஒரு விளையாட்டுப் பயிற்சியாளர் தன் மத நம்பிக்கையைப் பொதுவெளியில் பேசிச் சர்ச்சையாகும்போதெல்லாம் நாம் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்று கத்துகிறோம். "அவரை வேலையிலிருந்து தூக்கு" என்று ஒரு கட்சி. "அது அவர் நம்பிக்கை, அவர் எங்கும் எதையும் பேசலாம்" என்று இன்னொரு கட்சி. எனக்கு இரண்டும் ஒப்பவில்லை. ஏன் என்று சொல்ல அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்துக்குப் போக வேண்டும்.

2012 மார்ச் மாதம். அந்த மாநிலத்தின் பெரிய நகரமான ஒமாஹாவில் நகர மன்றம் ஒரு சட்டத்தைப் பற்றிப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. தன்பாலீர்ப்பினர், திருநர்கள் என்பதற்காக யாரையும் வேலையைவிட்டு நீக்கக் கூடாது, பொது இடங்களில் திருப்பி அனுப்பக் கூடாது என்பது அந்தச் சட்டம். எதிர்த்துப் பேச வந்தவர்களில் ஒருவர் ரான் பிரவுன். மாநில அரசின் நெப்ராஸ்கா பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணியின் துணைப் பயிற்சியாளர். 1987-இல் டாம் ஆஸ்போர்ன் தலைமைப் பயிற்சியாளராக இருந்த காலத்தில் சேர்ந்தவர். மறைக்காத, அலுக்காத கிறித்தவர். இயேசுவைச் சிலுவைக்கு அனுப்பிய ரோம ஆளுநர் பிலாத்துவைப் போல நீங்களும் இயேசுவை என்ன செய்யப்போகிறீர்கள் என்று மன்ற உறுப்பினர்களைப் பார்த்துக் கேட்டார். கடைசியில் கடவுள் என்ன நினைக்கிறார் என்பதே முக்கியம் என்றார். பேசுகிறவர் தன் முகவரியைச் சொல்ல வேண்டும் என்பது அங்கே முறை. அவர் கொடுத்தது தன் வீட்டு முகவரியை அல்ல. பல்கலைக்கழகத்தின் மெமோரியல் ஸ்டேடியத்தின் முகவரியை.

அந்த ஸ்டேடியம் எதைக் குறிக்கிறது என்பது நெப்ராஸ்காக்காரர்களுக்குத் தெரியும். 1962 முதல் எந்த ஆட்டத்துக்கும் டிக்கெட் மிஞ்சியதில்லை என்பது அவர்களின் பெருமை. சனிக்கிழமை ஆட்டம் நடக்கும்போது 80,000 பேருக்குமேல் உள்ளே உட்கார்ந்திருப்பார்கள். அப்போது மாநிலத்தின் மூன்றாவது பெரிய ஊர் அந்த ஸ்டேடியம்தான் என்று சொல்லிக்கொள்வார்கள். நாட்டின் பெரிய தொழில்முறை லீக்குகளில் ஆடும் அணி ஒன்றுகூட இல்லாத மாநிலம் அது. அங்கே அந்த முகவரியை உச்சரிப்பவர் தனி ஆளாகப் பேசவில்லை.

உடனே கடிதங்கள் பறந்தன. அவரை நீக்க வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. பல்கலைக்கழகத்தின் சான்சலர் ஹார்வி பெர்ல்மன், பிரவுனின் கருத்து பல்கலைக்கழகத்தின் கருத்து அல்ல என்று அறிவித்தார், ஆனால் நீக்கவில்லை. போதுமான ஆட்டங்களை வெல்லவில்லை என்பதற்காக வேலை போவதைவிட நம்பிக்கைக்காக வேலை போவது தனக்குப் பெரிய கௌரவம் என்று பிரவுனும் சொன்னார். சட்டம் 4-க்கு 3 என்ற வாக்கில் நிறைவேறியது.

பெர்ல்மன் செய்தது சரி என்பதே என் கட்சி. பிரவுன் சொன்ன கருத்தை நான் ஏற்கவில்லை. ஒருவருடைய பிழைப்பை இன்னொருவரின் வேதத்தை வைத்து அளப்பது அநியாயம் என்று நினைக்கிறவன் நான். ஆனாலும் நகர மன்றம் என்பது அதற்கென்றே இருக்கும் இடம். அங்கே ஒரு குடிமகன் தனக்குத் தோன்றியதைச் சொல்லி, அதைக் கேட்ட மன்றம் அவருக்கு எதிராக வாக்களித்துவிட்டு நகர்ந்தது. ஜனநாயகம் அன்று நன்றாகவே வேலை செய்தது. அதற்குப் பிறகும் அவருடைய சம்பளத்தில் கைவைக்க ஆசைப்படுவது பழிவாங்கல்.

அமெரிக்கச் சட்டமும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. 1968-இல் தீர்ப்பான பிக்கரிங் வழக்கு எனக்குப் பிடித்தமானது. இல்லினாய்ஸ் மாநிலப் பள்ளி ஆசிரியர் ஒருவர், பள்ளி நிர்வாகம் படிப்பைவிட்டு விளையாட்டுக்குப் பணத்தைக் கொட்டுகிறது என்று உள்ளூர்ப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார், வேலை போயிற்று. (விளையாட்டுக்குக் கொட்டுகிற பணம் அன்றும் புகார்தான். இன்று பல மாநிலங்களில் அரசுச் சம்பளம் வாங்குகிறவர்களிலேயே மிக அதிகம் வாங்குகிறவர் ஒரு கல்லூரிப் பயிற்சியாளர்.) பொது விவகாரத்தில் குடிமகனாகப் பேசியதற்காக அரசு ஊழியரை நீக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2006-இல் கார்செட்டி வழக்கில் ஓர் எல்லையையும் போட்டது: உத்தியோகக் கடமையின் பகுதியாகப் பேசுவதற்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஆக, யாராக நின்று பேசுகிறாய் என்பதுதான் கேள்வி. ஸ்டேடியத்தின் முகவரி உறுத்துவது அதனால்தான்.

ஒமாஹா சம்பவத்துக்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பு பக்கத்து மாநிலத்தில் இதைவிட வெளிப்படையாக நடந்தது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளர் பில் மெக்கார்ட்னி, 1990 பருவத்தின் தேசியப் பட்டத்தை அணிக்கு வாங்கித் தந்தவர். கிறித்தவ ஆண்களுக்கான 'பிராமிஸ் கீப்பர்ஸ்' இயக்கத்தைத் தொடங்கியவரும் அவரே. 1992 பிப்ரவரியில் பல்கலைக்கழகத்தின் மேடையில், பல்கலைக்கழகச் சின்னம் பொறித்த உடையோடு நின்று, தன்பாலீர்ப்பு கடவுளுக்கு அருவருப்பானது என்றார். தன்பாலீர்ப்பினருக்குப் பாதுகாப்புத் தரும் உள்ளூர்ச் சட்டங்களை ரத்துசெய்யும் மாநிலத் திருத்தத்துக்கு ஆதரவு தேடுகிற அமைப்பின் ஆலோசனைக் குழுவில் அவர் இருந்தார். பல்கலைக்கழகத் தலைவர் ஜூடித் அல்பினோ அவரைக் கண்டித்தார். திருத்தம் அந்த நவம்பரில் 53 சதவீத வாக்கோடு வென்றது. 1996-இல் ரோமர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 6-3 என்று அதைச் செல்லாததாக்கியது.

மெக்கார்ட்னி மேல் எனக்கு ஒரு தனிப்பட்ட எரிச்சலும் உண்டு. அந்த 1990 பட்டத்துக்குப் போகும் வழியில் மிசௌரிக்கு எதிராக ஓர் ஆட்டம். விதிப்படி நான்கு முயற்சிதான். நடுவர்கள் எண்ண மறந்து கொலராடோவுக்கு ஐந்தாவது முயற்சியைக் கொடுத்துவிட்டார்கள். அந்த ஐந்தாவதில்தான் 33-31 என்று வென்றார்கள். வெற்றியைத் திருப்பித் தருவீர்களா என்று கேட்டபோது, மைதானம் சரியில்லை என்று காரணம் சொன்னார். ஊரார் படுக்கையறையில் பாவம் கண்டவருக்கு ஸ்கோர்போர்டில் கண் தெரியவில்லை. பல ஆண்டுகள் கழித்து வருத்தம் தெரிவித்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இனி எனக்கு உண்மையில் முக்கியமான இடத்துக்கு வருகிறேன். மேடைப் பேச்சும் நகர மன்றப் பேச்சும் எவ்வளவு மோசமாக இருந்தாலும் கேட்பவர் எழுந்து போகலாம். உடைமாற்றும் அறையில் உட்கார்ந்திருக்கும் பத்தொன்பது வயதுப் பையன் எங்கே எழுந்து போவான்?

அமெரிக்கக் கல்லூரிப் பயிற்சியாளருக்கு மாணவன் மீதுள்ள அதிகாரம் நம்மில் பலருக்குப் புரிவதில்லை. 1973 முதல் 2012 வரை, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பான என்சிஏஏ-வின் விதிப்படி விளையாட்டு உதவித்தொகை ஓராண்டுக்கு மட்டுமே. ஆண்டு முடிவில் அதைப் புதுப்பிப்பதும் விடுவதும் நடைமுறையில் பயிற்சியாளரின் விருப்பம். 2012-இல் பல்லாண்டு உதவித்தொகையை அனுமதித்தார்கள், கட்டாயமாக்கவில்லை. வேறு கல்லூரிக்குப் போகலாமே என்றால், 2021 வரை பெரும்பாலும் ஓராண்டு ஆடாமல் உட்கார வேண்டும். யார் களம் இறங்குவது என்பதற்கோ எழுத்துத் தேர்வு கிடையாது. பயிற்சியாளரின் கண்ணுக்கு எவன் "அணிக்கு உகந்தவன்" என்று படுகிறதோ அவன் இறங்குவான். படிப்பு, சாப்பாடு, தங்குமிடம், தொழில்முறை ஆட்டத்துக்கான வாசல், எல்லாமே ஒரே மனிதரின் மதிப்பீட்டில் தொங்குகின்றன. அந்த மனிதர் "வாருங்கள், ஜெபிக்கலாம்" என்கிறார். வராதே என்று யாரும் தடுக்கவில்லை, வா என்று யாரும் கட்டாயப்படுத்தவுமில்லை என்று வாதாடுகிறவர்கள் ஒருமுறைகூட மேலதிகாரி முன்னால் கைகட்டி நின்றதில்லை போலிருக்கிறது.

நியூ மெக்சிகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2005-இல் நடந்ததாகச் சொல்லப்படுவதைப் பாருங்கள். பயிற்சி முடிந்ததும் ஆட்டத்துக்கு முன்பும் அணி முழுவதும் கிறித்தவ ஜெபம் சொல்லும் வழக்கம் இருந்தது. அணியில் இருந்த முஸ்லிம் ஆட்டக்காரர்களில் ஒருவரிடம் தலைமைப் பயிற்சியாளர் ஹால் மம்மி அல்-காய்தாவைப் பற்றிக் கேள்வி கேட்டார். பிறகு அந்த முஸ்லிம் ஆட்டக்காரர்கள் அணியிலிருந்து நீக்கப்பட்டார்கள் என்று வழக்குத் தொடரப்பட்டது. மதத்துக்காக நீக்கவில்லை என்று பல்கலைக்கழகம் மறுத்தது. 2007-இல் தவறை ஒப்புக்கொள்ளாமலே பணம் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. உண்மை எந்தப் பக்கம் என்று நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வாய்ப்பே வரவில்லை. ஆனால் இதைக் கவனியுங்கள்: இந்த வழக்கில் யாரும் யாருடைய பேச்சையும் தடுக்கவில்லை. பயிற்சியாளர் சுதந்திரமாகத்தான் இருந்தார். பேச முடியாமல் இருந்தவர்கள் எதிரே நின்றவர்கள்.

2022-இல் கென்னடி வழக்கின் தீர்ப்பு எனக்கு ஏமாற்றம் அளித்ததும் இதனால்தான். அது கல்லூரி அல்ல, வாஷிங்டன் மாநிலத்தின் பிரெமர்ட்டன் ஊரில் ஓர் உயர்நிலைப் பள்ளி. ஆட்டம் முடிந்ததும் மைதானத்தின் நடுவே மண்டியிட்டு ஜெபிப்பது துணைப் பயிற்சியாளர் ஜோ கென்னடியின் வழக்கம். பள்ளி தடுத்தது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது, 6-3 என்று அவர் வென்றார். அது அவருடைய அமைதியான, தனிப்பட்ட ஜெபம் என்று நீதிபதி கோர்சச் எழுதினார். நீதிபதி சோட்டோமயோர் தன் மாறுபட்ட தீர்ப்பிலேயே புகைப்படங்களை ஒட்டினார்: நடுவில் கென்னடி, சுற்றிலும் மண்டியிட்ட ஆட்டக்காரர்கள். கடவுள் நம்பிக்கை இல்லாத ஒரு மாணவன், சேராவிட்டால் ஆட வாய்ப்புக் குறையுமோ என்று பயந்து ஜெபத்தில் சேர்ந்தான் என்று அவன் தந்தை சொன்னதும் வழக்கின் பதிவுகளில் இருக்கிறது. பெரும்பான்மைத் தீர்ப்பு கடைசி மூன்று ஜெபங்களை மட்டும் தனியாக எடுத்துவைத்துப் பார்த்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளின் பழக்கத்தைப் பின்னணியில் தள்ளிவிட்டது. மாணவர்கள் அப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை. 2023 செப்டம்பரில் கென்னடி வேலைக்குத் திரும்பினார், ஓர் ஆட்டம் முடித்தார், விலகினார். எதிர்த்தரப்பின் வழக்குச் செலவாகப் பள்ளி மாவட்டம் 17 லட்சம் டாலருக்குமேல் கட்டியது. அது பிள்ளைகளின் பணம்.

நான் கோயிலுக்குப் போகிறவன், தேர்வு எழுதப் போகும்போது திருநீறு இட்டுக்கொண்டு போனவன். பக்தியோடு எனக்குச் சண்டை இல்லை. 2011 நவம்பரில் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் நடந்ததைப் படித்தபோது எனக்கே மனம் இளகியது. முன்னாள் பயிற்சியாளர் ஒருவர் சிறுவர்களைப் பாலியல் வன்கொடுமை செய்த வழக்கு வெடித்த அதே வாரம். ஒரு லட்சத்துக்குமேல் கூட்டம். ஆட்டத்துக்கு முன் பென் ஸ்டேட், நெப்ராஸ்கா இரு அணிகளும் மைதானத்தின் நடுவில் ஒன்றாக மண்டியிட, ஜெபத்தை நடத்தியவர் இதே ரான் பிரவுன். அந்த நாளில் அந்த மனிதர் அங்கே தேவைப்பட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. என் வாதத்தின்படி பார்த்தால் அதுவும் கூடாது. முரண்தான், அதை நியாயப்படுத்த நான் முயலப்போவதில்லை.

பிரவுனுக்கு அநியாயம் நடந்த இடமும் உண்டு. 2002-இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத் தலைமைப் பயிற்சியாளர் வேலைக்கு அவர் பெயர் அடிபட்டது, கிடைக்கவில்லை. அவருடைய மத நம்பிக்கை கவனத்தில் கொள்ளவேண்டிய விஷயமாக இருந்தது என்று அங்கிருந்த விளையாட்டுத் துறை அதிகாரி ஒருவர் நெப்ராஸ்கா மாணவர் பத்திரிகையிடம் ஒளிவில்லாமல் சொன்னார். ஒரு முஸ்லிமைப் பற்றியோ யூதரைப் பற்றியோ அப்படிச் சொல்லியிருந்தால் நாடே கொந்தளித்திருக்கும். ஒரு கறுப்பினப் பயிற்சியாளரைப் பற்றி, அதுவும் தலைமைப் பதவிகளில் கறுப்பினத்தவர் அரிதாக இருந்த காலத்தில், இவ்வளவு எளிதாகச் சொல்ல முடிந்தது. அவர் என்ன நம்புகிறார் என்று கேட்டிருக்கக் கூடாது. தன்பாலீர்ப்பினனான ஆட்டக்காரனை எப்படி நடத்துவீர்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்டே ஆக வேண்டிய கேள்வி அது.

2014 முடிவில் தலைமைப் பயிற்சியாளர் போ பெலினியை நெப்ராஸ்கா நீக்கியது. அத்தோடு பிரவுனும் போனார். ஒமாஹாவில் பேசியதற்காக அல்ல. பெலினியின் அணி ஒவ்வோர் ஆண்டும் 9 ஆட்டங்களாவது வென்றது; அது போதவில்லை, அவ்வளவுதான். அடுத்து பிரவுன் போன இடம் லிபர்ட்டி பல்கலைக்கழகம். அது தனியார் கிறித்தவ நிறுவனம்; அங்கே ஜெபம் செய்வதற்கு யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை, சேர்கிற மாணவனும் தெரிந்தே சேர்கிறான். அரசுப் பல்கலைக்கழகத்தில் சேர்கிறவன் அப்படி எதற்கும் ஒப்புக்கொண்டு வருவதில்லை.

நம் வீட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர் அந்த ஊர்களின் அரசுப் பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் படிக்கிறார்கள் என்பதால் பெற்றோர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பயிற்சியாளர் ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறார், தேர்தலில் யாருக்குப் பிரசாரம் செய்கிறார் என்று துருவ வேண்டாம். மூன்றை மட்டும் விசாரியுங்கள். ஜெபம் நடந்தால் அதை நடத்துவது மாணவர்களா, சம்பளம் வாங்குகிறவரா? ஜெபம் நடக்கும்போது பயிற்சியாளர் அறையில் இருக்கிறாரா, யார் வந்தார்கள் யார் வரவில்லை என்று அவருக்குத் தெரியுமா? அணிக்கு மதகுரு ஒருவர் இருந்தால் அவரை நியமித்தது யார், ஒரு மாணவன் அவரிடம் மனம்விட்டுச் சொன்னது பயிற்சியாளரின் காதுக்குப் போகுமா? புகார் சொல்ல வேண்டுமென்றால் அந்தப் பயிற்சியாளரையே போய்ப் பார்க்கச் சொல்கிற இடமாக இருந்தால், வேறு கல்லூரி பாருங்கள்.