நடை சரி, தேத்தண்ணிக் கணக்கையும் பாருங்கள்

தினமும் ஒரு மணி நேரம் நடந்தால் எடை தானாகக் குறையும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். பாதிதான் சரி. நான் மட்டக்களப்பு, கல்லடி. விடிய ஐந்தரைக்குப் பழைய பாலத்தில் தொடங்கிக் கடற்கரை வரை போய்த் திரும்புவேன். இரண்டு மாதம், ஒரு நாள் விடவில்லை. தராசு 84 கிலோவை விட்டு அசையவில்லை.

மறுகாதான் தேத்தண்ணியை எண்ணிப் பார்த்தேன். நாளைக்கு ஆறு, ஒவ்வொன்றுக்கும் இரண்டரைக் கரண்டி சீனி. ஆக 15 தேக்கரண்டி. கரண்டிக்கு 4 கிராம் என்றால் 60 கிராம், 240 கலோரி. என் உடம்புக்கு ஒரு மணி நேரம் ஆறுதலாக நடந்தால் எரிவதும் ஏறக்குறைய அவ்வளவுதான். வியர்த்ததெல்லாம் கோப்பைக்குள் போயிருக்கிறது! (நடை முடிந்ததும் கூட்டாளிமாரோடு கடையில் ஒரு பணிஸ் வேறு. அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.)

இப்போது சீனி இல்லை. முதல் கிழமை கசாயம் குடித்த மாதிரித்தான் இருந்தது, அப்புறம் பழகிவிட்டது. பிட்டை விடச் சொன்னால் என்னால் முடியாது. அதனால் வழக்கத்தில் பாதி, மிச்சத்துக்கு முருங்கையிலைச் சுண்டலும் மீனும். சொதிக்குத் தேங்காயின் முதற்பால் வேண்டாம் என்றேன், மனைவி முறைத்தாள். ஐந்து மாதத்தில் 6 கிலோ இறங்கியிருக்கிறது.

எருமைத்தயிரை மட்டும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு சட்டி வரும். இனிப்புப் பாணி ஊற்றாமல் சாப்பிடுகிறேன் என்று சொன்னால் வீட்டில் யாரும் நம்புவதில்லை.